அப்பாவைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எழுதாதீர்கள்

கேள்வி: ஊர் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம். அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். பிராமிபெக்சோல் மாத்திரையைக் கூட்டிய பிறகு கட்டுக்கட்டாக லாட்டரி வாங்குகிறார். வட்டிக்காரரிடம் 6 லட்சம் வாங்கி, 40 சென்ட் தென்னந்தோப்பை அதே தொகைக்கு விற்பதாகக் கரார் (ஒப்பந்தம்) எழுதி ரிஜிஸ்டர் செய்து, 3 வெற்றுச் செக்கும் கொடுத்துவிட்டார். கிரயம் முடிக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லை என்று ரத்து செய்யலாமா? எச்சரிக்காத டாக்டர் மீதும் லாட்டரிக் கடைக்காரர் மீதும் கேஸ் போடலாமா? போன வருஷம் வீட்டை எனக்கு இஷ்டதானம் (தானப் பத்திரம்) எழுதினார். அதில் தங்கச்சிக்குக் கோபம்.

பதில்: லாட்டரிக் கடைக்காரரை விடுங்கள். கேரள அரசே நடத்தும் சீட்டு அது. விழாத சீட்டின் காசு திரும்பாது. டாக்டரையும் இப்போது தொடாதீர்கள். கன்ஸ்யூமர் புகாருக்கு 2 வருஷம் அவகாசம் உண்டு. அவர்தான் உங்களுக்கு முக்கியச் சாட்சி.

எனக்குப் பயம் அந்த இஷ்டதானத்தில்தான். சித்த சுவாதீனம் இல்லை என்று கோர்ட்டில் நீங்களே எழுதிக் கொடுத்தால், அதே தாளை வைத்துத் தங்கச்சி அந்த வீட்டுப் பத்திரத்தை உடைப்பார். இரண்டு கையெழுத்தும் ஒரே மாத்திரைக் காலத்தில் போட்டவை. வாதமும் நிற்காது. அப்பாவின் ஓ.பி. சீட்டில் ‘நினைவு தெளிவு’ என்று இருக்கும். என்ன எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியும், நிறுத்தத்தான் முடியவில்லை. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடற்ற பழக்கம் இருந்ததாக 2010-இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. ‘மீதி 83 பேருக்கு இல்லையே’ என்றுதான் எதிர்வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார்.

நிற்கக்கூடியது ஒப்பந்தச் சட்டம் 16-ஆம் பிரிவு, தகாச் செல்வாக்கு. நோயால் மனத்திறன் குன்றியவரோடு அநியாய விலைக்குப் பேரம் பேசியதாகத் தெரிந்தால், நியாயமாக நடந்ததென்று காட்டும் பொறுப்பு வட்டிக்காரர் தலையில் விழும். ஆகவே கரார் தேதியில் அப்பா சாப்பிட்ட மாத்திரை எத்தனை மில்லிகிராம், தோப்பின் அன்றைய விலை என்ன என்ற இரண்டுக்கும் காகிதம் தேடுங்கள். ‘குடும்பம் கஷ்டப்படும்’ என்று மட்டும் சொல்லிக் கிரயத்திலிருந்து தப்பிக்கும் வழி, குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 2018 திருத்தத்தோடு போய்விட்டது.

செக்கில் இன்னொரு குழி. தொலைந்துபோனதாகப் போலீசில் புகார் கொடுக்கச் சொல்வார்கள். பொய் வெளிப்பட்டால் மற்ற வாதமும் போச்சு. கையெழுத்து உண்மையென்றால், வெற்றாகக் கொடுத்தது மட்டும் காப்பாற்றாது. செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான்.

என் யோசனை சமரசம். 16-ஆம் பிரிவு வாதமும் இஷ்டதானத்தை உரசத்தான் செய்யும். அசலும் நியாயமான வட்டியும் பேங்க் வழியாகக் கொடுங்கள். கரார் ரத்துப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆகும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். மூன்று செக் நம்பரும் ரசீதில் வர வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் பதற்றமும் மனச்சோர்வும் வரலாம். இந்த வாரமே நியூராலஜிஸ்ட்டிடம் லாட்டரி விஷயத்தைச் சொல்லி, அவரைக் கொண்டு அளவைக் குறைத்து, அதைத் தேதியோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு கரார் எழுதிவிடுவார்.