ஒரு கட்டி வெண்ணெயும் பாதிக் கூடையும்

வணக்கம் அம்மா. எனக்கு 27 வயது, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என்னை வளர்த்த பாட்டி இறந்து பத்து மாதமாகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலை முடிந்தால் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து வயர்க்கூடை பின்னுவார். வருஷ திதிப் படையலில் அவர் சுடுகிற முறுக்கை வைக்க ஆசை. அம்மா சொன்னபடி 4 பால் டின் அரிசி மாவு, 1 டின் வறுத்த உளுந்து மாவு, 1 கட்டி வெண்ணெய் சேர்த்து மூன்று முறை சுட்டேன். மூன்று முறையும் எண்ணெயில் பிரிந்து தூளாகிவிட்டது. அடுப்படியிலேயே அழுதேன். பாட்டியே கைநழுவிப் போகிற மாதிரி இருக்கிறது. வேலையிடத்தில் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதற்காகவே வெட்கப்படுகிறேன். துயரத்துக்கு 5 கட்டங்கள் என்கிறார்கள். நான் எதிலும் அடங்கவில்லை. பாட்டி பாதியில் விட்ட கூடை ஒன்று இருக்கிறது, அதை நான் முடிக்கலாமா? அவரைப் பற்றிக் கேட்டாலே அம்மா எழுந்து போய்விடுகிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு,

முறுக்கிலிருந்தே தொடங்குகிறேன். கடையில் விற்கும் 250 கிராம் வெண்ணெய்க் கட்டியை முழுசாகப் போட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. 5 டின் மாவுக்கு 100 கிராமே தாராளம். கொழுப்பு கூடினால் மாவு பிடிப்பில்லாமல் எண்ணெயில் பிரியும், குறைந்தால் கல்லாகும். பாட்டி வாயில் ‘ஒரு கட்டி’ என்பது கையளவு உருண்டையாக இருந்திருக்கலாம். வெண்ணெயை உருக்கிச் சூடாக ஊற்றிப் பிசிறுங்கள். ஒரே ஒரு முறுக்கைப் பிழிந்து பாருங்கள். பிரிந்தால் இரண்டு கரண்டி அரிசி மாவு சேருங்கள். பிழியும்போதே அறுந்தால் மாவு காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம். பதம் தப்பியது வேறு, பாட்டியை இழந்தது வேறு. இரண்டையும் ஒரே வாணலியில் போட்டுவிட்டீர்கள், அதனால்தான் அவ்வளவு அழுகை.

அந்த 5 கட்டங்கள் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியவை. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். பிரிந்தவரை நினைத்து வாடுகிறவர்கள் படிப்படியாக ஏறவேண்டிய ஏணியாகப் பின்னால் ஆக்கிவிட்டார்கள். உங்களுக்குப் பொருந்துவது 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன ஊசலாட்டம்: மனம் கொஞ்சநேரம் இழப்பில் கிடக்கும், கொஞ்சநேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும். வேலையிடத்துச் சிரிப்பு அந்த இரண்டாவது பக்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்து மாதம் ஆகிவிட்டதே என்று நான் கவலைப்படவில்லை. பெரும்பாலான நாட்களில் ஏக்கம் தணியாமல் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்கவே வேண்டாம். மனத்துயருக்குக் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929க்கு உடனே அழையுங்கள்.

கூடையை முடிக்கலாம், ஆனால் இப்போதே அல்ல. முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்து, பாட்டி நிறுத்திய வரிசையில் எத்தனை முடிச்சு என்று எண்ணி எழுதுங்கள். பிறகு அந்த வரிசையிலிருந்து வேறு நிற வயரில் பின்னுங்கள். அவர் கை எங்கே முடிந்தது, உங்கள் கை எங்கே தொடங்கியது என்று தெரியட்டும். அதே நிறம் தேடி அலைகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயில் படுகிற வாசலில் மாட்டாதீர்கள், வயர் நொறுங்கும். பாட்டியின் வாட்சப் குரல்பதிவு எதுவும் கைபேசியில் இருந்தால் இன்றே இன்னும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். கைபேசி மாற்றும்போதுதான் பலர் அதைத் தொலைக்கிறார்கள்.

அம்மாவிடம் ‘பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று எதிரே உட்கார்ந்து கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு வேலை கொடுத்து, சின்னதாகக் கேளுங்கள். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் பாட்டி என்ன சாப்பிடுவார்? மழை பெய்து மரம் வெட்ட முடியாத நாளில் வீட்டில் என்ன செய்வார்? 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாததால் வேலைப் பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிரிவு இருந்து, பேச்சு அங்கே போய் அம்மா எழுந்தால் விட்டுவிடுங்கள், தொடராதீர்கள்.

அடுத்த முறை மாவை அம்மாவே பிசையட்டும். நீங்கள் தராசோடு பக்கத்தில் இருங்கள். அவர் அள்ளும் ஒவ்வொரு பிடியையும், போடுமுன் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.