கட்டி இடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வீட்டின் மேற்கு முகப்பில் செங்கற்களைச் சாய்த்துத் திருப்பி, இடையிடையே காற்று நுழைய இடம் விட்டு ஒரு சுவர் வருகிறது. கணினிப் படம் அழகாகவே இருக்கிறது. ஆனாலும் முதலில் ஒரு துண்டுச் சுவர் கட்டிப் பார்த்து, பிறகு இடித்துவிடலாம் என்கிறார் எங்கள் கட்டடக் கலைஞர். இது வீண் செலவில்லையா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: கட்டச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் கட்டடக் கலைஞர் சரியாகத்தான் கேட்கிறார்.

உடுமலைப் பக்கம் இதே போன்றதொரு சுவரை நான் வடிவமைத்தேன். கணினியில் ஒவ்வொரு கல்லின் உயரமும் 75 மில்லிமீட்டர். சூளையிலிருந்து வந்து இறங்கிய கல்லை அளந்தால் 70தான். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. 36 வரி எழும்பும்போது 180 மில்லிமீட்டர், அதாவது ஏழு அங்குலம் குறைகிறது. சன்னல் மட்டத்தோடு எந்த வரியும் சேராது.

நான்கடி அகலத்தில் மாதிரிச் சுவர் எழுப்பினோம். மூன்றாவது வரியிலேயே கொத்தனார் நிறுத்திவிட்டார். “பிதுங்குகிற கலவையை வழிக்க இந்த இடுக்கில் கரண்டி நுழையாதுங்க” என்றார். நான் விட்டிருந்த இடைவெளி 40 மில்லிமீட்டர். அவர் கரண்டியை வாங்கி நானே விட்டுப் பார்த்தேன். நுனி மட்டும் போனது, கை திரும்பவில்லை. இடைவெளியை 65 ஆக்கினோம். அதற்கேற்பக் கல்லைத் திருப்பும் கோணமும் மாறியது.

பிறகு குழாயால் தண்ணீர் பீய்ச்சினோம். திருப்பி வைத்த கல்லின் மேல்முகத்தில் தண்ணீர் தேங்கி உள்பக்கமாக வழிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று சாரலை எப்படித் தள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லின் தலையில் கலவையை வெளிப்பக்கம் சரிவாகப் பூசிய பிறகே அது நின்றது.

கல்லின் நிஜ உயரம், இடைவெளி, கோணம், சரிவு எல்லாவற்றையும் கணினி மாடலில் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் கல் எண்ணிக்கையை நம்பி ஆர்டர் கொடுக்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் இதைக் கேட்டு வாங்குங்கள்: மாதிரியை அளந்து, படத்தைத் திருத்தித் தர வேண்டும். திருத்தாவிட்டால்தான் அந்தச் செலவு வீண்.

மாதிரியையும் மேற்குப் பார்த்தே கட்டுங்கள். மாலை நான்கு மணி வெயில் எவ்வளவு உள்ளே விழுகிறது என்று நின்று பாருங்கள். பெரிய சுவர் முடியும்வரை இடிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் கொத்தனார் திரும்பிப் பார்க்க அது அங்கேயே நிற்கட்டும்.

கேள்வி: மென்பொருள் இவ்வளவு வளர்ந்த பிறகும் அட்டை மாடல் செய்யச் சொல்கிறார்களே?
— மாணவர், ஈரோடு

பதில்: செய்யுங்கள் தம்பி. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரியின் அலுவலகத்தில் முதலில் கையால்தான் மாடல்கள் செய்தார்கள். அவற்றின் வளைவுகளை அளந்து, விமான வடிவமைப்புக்கென உருவான கேட்டியா மென்பொருளில் ஏற்றினார்கள். நீங்கள் அட்டையை வெட்டும்போது எந்த வளைவில் அது மடங்க மறுக்கிறதோ, அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். அதே வடிவத்தை உலோகத்தில் செய்யும்போது, தகடு வளைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த வளைவைப் பற்றித்தான்.