பழைய வண்டி, கிடைக்காத ஸ்பேர்: கேள்வி பதில்

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் முப்பது வருடமாகப் பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டுகிறேன். பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 இவைதான் அதிகம் வரும். நம் கடற்கரை ஊர்களிலிருந்து ஸ்பேர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. கேட்டவர்களில் பாதிப் பேர் "கழற்றிய பழைய சாமான் இப்போது இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. தேய்ந்ததோ உடைந்ததோ, அது கையில் இருந்தால் அளவெடுத்து எப்படியாவது தேடிவிடலாம். குப்பைக்குப் போய்விட்டால் நானும் யூகித்துத்தான் சொல்ல வேண்டும்.

பாம்பன்: அண்ணே, அப்பாவோட ராஜ்தூத்தில் முன் சக்கர பேரிங் போய்விட்டது. நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன். ராஜ்தூத் ஸ்பேரே வருவதில்லை என்கிறார்கள்.

வண்டிப் பேரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் தம்பி. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பக்கவாட்டு வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம்பர் வெட்டியிருக்கும். உதாரணத்துக்கு 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17 மில்லி, வெளிவிட்டம் 40, அகலம் 12. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6203க்கு இதே அளவுதான். கடைசி இரண்டு எண்தான் உள்விட்டம்: 00 என்றால் 10 மில்லி, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04லிருந்து மேலே ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். நம்பர் அழிந்திருந்தால் வெர்னியர் என்கிற அளவுகோலை வைத்து மூன்று அளவையும் எடுங்கள். 6303க்கும் உள்விட்டம் 17தான், ஆனால் வெளிவிட்டம் 47. அதனால் ஒரு அளவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

பாம்பனிலும் மண்டபத்திலும் போட் இன்ஜின் வேலைக்காரர்கள் பேரிங் வாங்கும் கடையிலேயே இதுவும் கிடைக்கும். சக்கரத்துக்கு 2ஆர்எஸ் என்று முடிகிற, இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதை வாங்குங்கள். உப்புத் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகாது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் பேரிங்குக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பேரிங்குக்கு உயிர், அதனால் திறந்தது வேண்டும். சூட்டில் விரிய இடம் விட்ட சி3 வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலும் இதே கதைதான். மேலே மூன்று எண் இருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளிவிட்டம், கனம்.

மண்டபம்: 70களின் புல்லட். மட்கார்டு போல்ட் தொலைந்து 8 எம்எம் போல்ட் வாங்கினேன். இரண்டு சுற்று போய் இறுகிவிடுகிறது. ஸ்பேனர் போட்டு ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள், உள்மரை போய்விடும். புல்லட்டை மதராஸில் 1955இல் செய்யத் தொடங்கியபோது அளவுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. பழைய வண்டிகளில் இஞ்ச் மரைதான் இருக்கும். 5/16 இஞ்ச் என்பது 7.94 மில்லி, அதனால் 8 எம்எம் போல்ட் பொருந்துகிற மாதிரியே தெரியும். ஆனால் 8 எம்எம்மில் சாதாரண மரை 1.25 மில்லிக்கு ஒன்று. பிஎஸ்எஃப் என்கிற பழைய இங்கிலாந்து மரை வகையில் இஞ்சுக்கு 22 மரை, அதாவது ஏறக்குறைய 1.15 மில்லி. சைக்கிள் மரை என்று சொல்கிறோமே, அது இஞ்சுக்கு 26. இரண்டு சுற்றிலேயே ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கிவிடும்.

மரையை அளக்கிற மரை கேஜ் விலை குறைவுதான், ஒன்று வாங்கி வையுங்கள். பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி அதில் வைத்துப் பாருங்கள். எந்த மரை என்று தெரிந்துவிட்டால் லேத் பட்டறையில் புதிதாகவே வெட்டித் தருவார்கள். போட் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கடைகிற கைக்கு இது சின்ன வேலை.

கீழக்கரை (இப்போது துபாய்): வாப்பாவின் யெஸ்டியை எடுத்து ஓட்ட ஆசை. இப்போது வரும் புது ஜாவா, யெஸ்டியின் சாமான் பொருந்துமா? செக் நாட்டில் கிடைக்கிறது என்கிறார்களே?

காக்கா, புது வண்டிகளின் இன்ஜின் சாமான் ஒன்றும் பொருந்தாது. 2018இல் வந்த ஜாவா தண்ணீரில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக், 293 சிசி. வாப்பாவின் வண்டி மைசூர் ஐடியல் ஜாவாவில் செய்த டூ ஸ்ட்ரோக். பெயர் மட்டும்தான் ஒன்று.

செக் வழி நல்ல வழி. மைசூர் வண்டிக்கு மூலம் அங்கத்திய ஜாவா 250, 353 வகை. அந்த வண்டிகளுக்கு அங்கே இன்றும் சாமான் செய்கிறார்கள். ஆனால் மைசூரில் வருடம் போகப் போக மாற்றங்கள் செய்தார்கள். அதனால் மாடலைப் பார்த்து மட்டும் ஆர்டர் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை அளவெடுத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ரப்பர், பேட்ஜ், சிறு பித்தளைச் சாமான்களை அங்கிருந்து வரவழைக்கலாம். கிளட்ச் தட்டு, செயின், கேபிள் எல்லாம் இங்கேயே முடியும்.

ராமநாதபுரம்: ஆர்எக்ஸ் 100இன் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும். பிஸ்டன் எது நல்லது?

கம்பெனியை விட வேலை செய்கிற வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதைச் சிலிண்டரோடு கொண்டுபோய்க் கொடுத்து, இந்தப் பிஸ்டனுக்குப் போர் போடுங்கள் என்று சொல்லுங்கள். ஆர்எக்ஸில் முதல் அளவு 50 மில்லி, அப்புறம் கால் மில்லியாக ஏறும். டப்பாவில் 50.50 என்று அச்சடித்திருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலளவு மாறும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளியோ தலைமுடியை விட மெல்லியது.

ஒருமுறை வெளியூர்ப் பட்டறையில் பிஸ்டனைக் காட்டாமல் போர் போட்டு வாங்கி வந்தேன். உச்சிப்புளி தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போர் போட்டபின் சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளைகளின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ரிங் அங்கே மாட்டி உடையும். ஓரத்தை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

ஏர்வாடி: மீன் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் எம்80. கேபிள் மாதத்துக்கு ஒன்று போகிறது.

மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்குகிறது. பெட்டிக்கு ஒரு வடிகுழாய் வைத்து அதை வண்டிக்கு வெளியே விடுங்கள். கேபிள் கிடைக்காவிட்டால் பழையதைக் காட்டி, அதே நீளத்துக்குக் கம்பி வெட்டி முனையில் ஈயம் வைத்து நிப்பிள் ஊற்றித் தரச் சொல்லலாம்.

ராமேஸ்வரம்: எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிட்டால் துரு பிரச்சினை தீருமா?

வெளியே தெரியும் போல்ட்டுக்கும் ஸ்போக்ஸுக்கும் சரி. நம் ஊர்க் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்ஸில் 304 ரகத்தை விட 316 ரகம் தாங்கும், போட் வேலைக்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அலுமினிய இன்ஜின் கேஸில் ஸ்டெயின்லெஸ்ஸை வெறுமனே முடுக்கினால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு வருடம் கழித்துக் கழற்றும்போது மரையும் சேர்ந்து வரும். மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக் கடற்கரை போய் வந்த அன்றே, சைலன்ஸர் ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

தேவிபட்டினம்: டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் ரப்பர் அடிக்கடி ஊறிப்போகிறது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. வைட்டான் ரப்பரில் அதே அளவு ஓ ரிங் வளையம் கேட்டு வாங்குங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

சாயல்குடி: சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் கேஸ் கிடைத்தது. அதில் வேறு இன்ஜின் நம்பர் பொறித்திருக்கிறது. வாங்கலாமா?

பில் இல்லாமல் வேண்டாம். இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த நம்பரைத் தேய்த்துவிட்டு உங்கள் பழைய நம்பரை அடித்துக் கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

தொண்டி: அப்பா தவறி 12 வருடம் ஆகிறது. அவர் புல்லட் தென்னந்தோப்பில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கிக்கர் இறங்கவே இல்லை. புது இன்ஜின்தான் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா அண்ணே?

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. கிக்கரை யாரையும் மிதிக்க விடாதீர்கள். நிறுத்தியபோது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும். அந்த வழியாக உப்புக் காற்று இறங்கி, ரிங் சுவரோடு துரு பிடித்து ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து உள்ளே ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றிக் காத்திருக்கலாம். இத்தனை வருடத்தில் ஆயில் கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும், அதை வடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பிரிக்கும்போது தோப்பிலேயே சிரட்டை கிடக்கும். ஹெட் நட்டுகள் ஒரு சிரட்டையில், ராக்கர் சாமான் ஒன்றில், கார்புரேட்டர் ஒன்றில் என்று போட்டு, உள்ளே பேர் எழுதிய துண்டுக் காகிதம் வையுங்கள். அப்பா பூட்டிய வாஷர்கூட வெளியே போகக் கூடாது. ஹெட்டைத் திறந்ததும் சிலிண்டர் சுவரை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பெரிய அளவு ஓவர்சைஸ் பிஸ்டனில் முடியுமா, உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் அடிக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.