வெயில் கொதிக்குது, யூனிற் ஏன் குறையுது?

கேள்வி: வீட்டுத்திட்ட வீட்டின் ஓட்டுக்கூரையில் 550 வாற் சோலர் பனல் ஆறு பூட்டியிருக்கிறோம். மாசியில் நடுப்பகலில் நன்றாகக் காட்டிய இன்வேட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), சித்திரையில் 2.6 கிலோவாற்றைத் தாண்டுவதில்லை. பனல் பழுதா? (பரந்தன் வாசகர்)

பதில்: பழுதில்லை, சூடுதான். பனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 550 வாற் என்பது பனல் 25 பாகை சூட்டில் இருக்கும்போது அளந்த கணக்கு. சித்திரை மதியத்தில் அது 65 பாகைவரை போகும். கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 வீதம் குறையும். 40 பாகைக்கு 14 வீதம். உங்கள் 3.3 கிலோவாற் அங்கேயே 2.8 ஆகிவிடுகிறது. மிச்சத்தைத் தூசியும் வயரும் இன்வேட்டரும் தின்கின்றன.

ஆனால் ஒன்றைப் பாருங்கள்: ஓட்டுக்கும் பனலுக்கும் இடையில் கை நுழையுமா? இரண்டு அங்குலம்தான் என்றால் காற்று ஓடாது. நான்கிலிருந்து ஆறு அங்குலம் விடவேண்டும். உயர்த்தும்போது ஓட்டில் துளை போடவே விடாதீர்கள். ஓட்டைக் கிளப்பி, பனல் சட்டத்தைத் தாங்கும் கொளுக்கியைக் கைமரத்தில் (ஓடு தங்கும் சிலாகையில் அல்ல) திருகாணியால் இறுக்கி, கொளுக்கி வெளிவரும் இடத்தில் மேலோட்டின் அடிவிளிம்பை அளவாக அரைத்துவிட்டு மூடவேண்டும். கொளுக்கி கீழோட்டில் முட்டக்கூடாது. முட்டினால் சோளகம் அடிக்க அடிக்க ஓடு மயிரிழையாய் வெடிக்கும். அது ஐப்பசி மழையில் ஒழுகும்போதுதான் தெரியவரும். அப்போது பூட்டியவரைத் தேடவேண்டியிருக்கும்!

கேள்வி: கரண்ட் நின்றால், நல்ல வெயில் இருந்தும் கிணற்று மோட்டர் ஓடுதில்லையே? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: பற்றரி இல்லாத இன்வேட்டர், தெருக்கம்பத்து லைன் செத்ததும் தானும் நிற்கும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியவருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் அடிக்கும். தொடர்ந்து ஓடவேண்டுமென்றால் பற்றரியோடு ஹைபிரிட் இன்வேட்டர் (பனல், பற்றரி, லைன் மூன்றோடும் வேலைசெய்வது) தேவை. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஒரு கிலோவாற் அளவில் எடுத்தாலும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வேட்டர் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். தண்ணீருக்காக மட்டும் பற்றரி வாங்குவதைவிட, கரண்ட் இருக்கும்போதே உயரத் தாங்கியை நிரப்பி வைப்பது மலிவு.

கேள்வி: பனலை எப்போது கழுவலாம்? (மாங்குளம் வாசகர்)

பதில்: விடியற்காலையில், பனல் குளிர்ந்திருக்கும்போது. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். மழையில்லாத வைகாசி முதல் புரட்டாதி வரை மாதம் ஒருமுறை போதும். செம்மண் ஒழுங்கைக்குப் பக்கத்து வீடென்றால் இரண்டுமுறை. சவர்க்காரத்தூள் வேண்டாம், மெல்லிய துணி போதும். கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியும் கிணற்றுத் தண்ணீர் என்றால் கழுவிய கையோடு வழித்துத் துடையுங்கள். காயவிட்டால் அதே வெள்ளை கண்ணாடியிலும் பிடிக்கும், பிறகு தூசியைவிட அதுதான் தொல்லை.