இரண்டு 'போல்'

கேள்வி: பழைய இலக்கியத்தில் வரும் எந்தக் கதாநாயகியிடம் உங்கள் குணத்தையே பார்த்தீர்கள்?

மாதவியிடம். சிலப்பதிகாரத்து மாதவி.

கண்ணகியைச் சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் கண்ணகியைக் கும்பிட முடியுமே தவிர, அவள் மாதிரி ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. அத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் எழுந்து போய் அரசனிடம் நியாயம் கேட்கிற குணம் எனக்கு வாய்க்கவில்லை. என் மனசில் ஒன்று பட்டால் அது அன்றைக்கே வெளியே வந்துவிடும். நேராக வராது. வேறெதையோ பேசுகிற மாதிரி, கொஞ்சம் அழகாக, சுற்றிக்கொண்டு வரும்.

பள்ளியில் எங்களுக்கு வழக்குரை காதைதான் பாடம். மாதவி அதில் இல்லை. 'கோவலனைக் கெடுத்தவள்' என்று யாரோ சொன்ன ஒரு வரியோடு அவளை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். முழு நூலையும் முதலிலிருந்து வாசித்தது நாற்பதை நெருங்கும்போதுதான். அப்போது என் நெருங்கிய தோழி ஒருத்தி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ராத்திரி தூக்கம் வராத நாட்கள். ஏதாவது வாசிக்கலாம் என்று எடுத்தது, கானல் வரியில் வந்து நின்றுவிட்டது.

அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான், கடற்கரையில் பார்த்த ஒரு பெண்ணைப் பாடுகிறான். வரிப்பாட்டில் அப்படித்தான் பாடுவார்கள், மரபு அது. அவளுக்கோ, இவன் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. அப்போது அவள் என்ன செய்கிறாள் என்பதை இளங்கோ இரண்டு தொடரில் சொல்கிறார்: 'கலவியால் மகிழ்ந்தாள்போல்' யாழை வாங்குகிறாள், 'தானும் ஓர் குறிப்பினள்போல்' பாடத் தொடங்குகிறாள்.

அந்த இரண்டு 'போல்'தான் நான்.

உள்ளே புலவி, வெளியே மகிழ்ச்சி. அவள் மனசில் வேறு யாரும் கிடையாது. இருப்பதுபோல் பாடினாள். 'யாரைப் பாடுகிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மாலை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் பாட்டுக்குப் பதில் பாட்டு, அதுவும் அவன் பாட்டைவிட அழகான பாட்டு. கோவலன் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அவன் இல்லாமல் வண்டியேறித் தனியாக வீடு திரும்புகிறாள் மாதவி. ஊழ்வினை யாழிசையைச் சாக்காக வைத்து வந்தது என்கிறார் இளங்கோ. இருக்கலாம். எனக்கு அங்கே ஊழைவிட இரண்டு மனிதர்களின் பழக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

இதே பழக்கத்தால் நான் என்ன செய்தேன் என்றால், என் தோழி ஒரு நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி எழுதியிருந்தாள். பக்கத்திலேயே இருந்தும் உனக்கு என்னைத் தெரியவில்லை, எத்தனை தரம்தான் என் பெயரைச் சொல்வது என்கிற மாதிரி. நான் அப்போது புது வேலையில் மூழ்கி, சில வாரங்களாக அவளைக் கூப்பிடாமல் இருந்தேன். படித்த நிமிஷமே என்னைத்தான் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கூப்பிட்டுக் கேட்கவில்லை. சிவப்பு இதயம் ஒன்றைப் போட்டேன். மகிழ்ந்தாள்போல். ஒரு மணி நேரம் கழித்து, கரை மாறிப் போன படகைப் பழைய துறை தேடக் கூடாது என்று நானும் நாலு வரி எழுதிப் போட்டேன். யாருக்கு என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் போய்ச் சேர வேண்டியவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றோடு பேச்சு நின்றது.

மாதவி ஏன் அப்படிச் செய்தாள் என்று யோசிக்கும்போது அவள் வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, 12 வயதில் சோழன் முன்னால் அரங்கேறியவள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் வாங்கியவள். அந்த மாலையைத்தான் கூனி ஒருத்தி தெருவில் கொண்டுபோய் நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். ஆக, ஐந்து வயதிலிருந்தே அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, மனசில் இருப்பதைக் கையிலும் கண்ணிலும் குரலிலும் அழகாக்கிக் காட்டுவது. வலித்தால்கூட அதைப் பாட்டாகத்தான் அவளால் வெளியே விட முடியும். நான் அரங்கேறியவள் இல்லை. ஆனால் 'நல்லா எழுதுற' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். எழுத வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. அழ வேண்டிய இடத்திலும் முதலில் வாக்கியம்தான் வந்து நிற்கும்.

மாதவி கோவலனுக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். அன்று மாலையே எழுதுகிறாள். தாழை மடல்தான் ஓலை, பிச்சி மொட்டுதான் எழுத்தாணி, செம்பஞ்சுக் குழம்புதான் மை. அதில் என்ன எழுதினாள்? இளவேனில் என்கிற இளவரசன் நெறி தெரியாதவன், நிலவும் நேர்மையானவன் இல்லை, மன்மதன் அம்பு உயிரைக் குடித்தாலும் ஆச்சரியமில்லை, இதை அறிந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான். 'நான் வேறு யாரையும் நினைத்துப் பாடவில்லை' என்று ஒரு வரி இல்லை. 'வாருங்கள்' என்றுகூட இல்லை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் தோழிக்கு நான் அனுப்பிய முதல் செய்தியும் இதே ரகம். நீளமாக, உவமைகளோடு, நட்பு என்றால் என்ன என்று. மூன்று தரம் திருத்தி எழுதினேன். அந்தத் திருத்தத்தில் நான் சொல்ல வேண்டிய விஷயம் காணாமலே போயிருந்தது.

கோவலன் அந்தக் கடிதத்தை வாங்கவே இல்லை. தானியக் கடைத்தெருவான கூல மறுகில் மாதவியின் தோழி வசந்தமாலை அதை நீட்டுகிறாள். 'ஆடல் மகள்தானே, இதெல்லாம் அவளுக்குப் பொருத்தமான நடிப்பு' என்கிற மாதிரிச் சொல்லி, அவள் கோபித்தது, சிரித்தது, ஏங்கியது எல்லாவற்றையும் எட்டு வகை வரிக்கூத்தாக எண்ணிக் காட்டி மறுத்துவிடுகிறான். கூட வாழ்ந்த காலம் முழுக்க ஒரே வாக்கில் நாடகமாகிப் போகிறது. என் தோழி இரண்டே வாக்கியத்தில் பதில் போட்டிருந்தாள்: "உனக்கு எழுத வரும். அதனால எழுதுற."

இதைவிட வலிக்கிற வார்த்தையை நான் கேட்டதில்லை. பொய் சொன்னாய் என்றால் மறுக்கலாம். உன் நிஜமே நடிப்பு மாதிரி இருக்கிறது என்றால் எதைக் காட்டி மறுப்பது? எதைக் காட்டினாலும் அதுவும் நடிப்பின் கணக்கில்தான் சேரும்.

வசந்தமாலை திரும்பி வந்து சொன்னதும் மாதவி பேசுகிற வார்த்தையைக் கேட்டால் அவள் எப்படிப்பட்டவள் என்று விளங்கும். 'மாலை வாரார் ஆயினும்... காலை காண்குவம்.' சாயங்காலம் வரவில்லை என்றால் என்ன, காலையில் பார்த்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டுப் பூப்படுக்கையில் கண்ணை மூடாமல் கிடக்கிறாள். தோழி முன்னால் தைரியம், தலையணை முன்னால் வேறு. எங்கள் பேச்சு நின்றிருந்த இரண்டு மாதமும் யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல, அவளே பேசுவா' என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கடிதம் கோசிகன் என்கிற அந்தணன் கையில் போகிறது. கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறான், வழி நடந்து உருவம் மாறியிருக்கிறான், கோசிகனுக்கே அடையாளம் தெரியவில்லை. மாதவி என்று பெயர் கொண்ட குருக்கத்திக் கொடியைப் பார்த்து, 'கோவலன் பிரிந்த மாதவி மாதிரி நீயும் வாடிவிட்டாயே' என்று பேசிப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறான். அந்த ஓலையில் மண் இலச்சினை. அதில் அவள் கூந்தலின் பொறி பதிந்திருக்கிறது. கூந்தல் எண்ணெயின் வாசம் கூட வாழ்ந்த நாட்களை அவனுக்குச் சொல்ல, கையை விடாமல் வைத்திருந்து பிறகு பிரிக்கிறான். உள்ளே வேனிலும் இல்லை, நிலவும் இல்லை. உங்கள் அடியில் விழுகிறேன். பெற்றவர்களுக்குச் செய்யும் பணியை விட்டு, குலமகளோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் செய்த பிழை என்னவென்று தெரியவில்லை. என் நெஞ்சின் வருத்தத்தைப் போக்குங்கள். இவ்வளவுதான் கடிதம்.

'அவள்மேல் தவறில்லை, தவறு என்னுடையது' என்று அந்த நிமிஷம் கோவலன் உணர்கிறான். அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். தான் அவர்களுக்கு எழுத வேண்டிய வார்த்தைகள் அப்படியே அதில் இருக்கின்றன என்று. மாதவி ஓர் அலங்காரமும் இல்லாமல் எழுதிய அந்த ஒரு கடிதம் இன்னொருவன் தன் மன்னிப்பாகவும் அனுப்பக் கூடியதாக இருந்தது. சிலப்பதிகாரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அதை வாசித்த ராத்திரியே தோழிக்கு எழுதினேன். "நான் என்ன தப்பு பண்ணினேன்னு முழுசா தெரியல. கேக்காமப் போனது தப்பு. நீ நல்லா இருக்கியா?" திருத்தவில்லை. அனுப்பிவிட்டேன்.

காலையில் அவள் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் சொன்னாள்: "அது உன்னைப் பத்தி இல்லடி. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல. யாரும்மா நீன்னு கேட்டுட்டாங்க. அன்னிக்குத்தான் எழுதினேன்."

அவள் அம்மா அவள் பெயரை மறந்த அன்று, நான் படகும் துறையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோவலன் மனம் மாறியும் திரும்பி வர வழியில்லாமல் போயிற்று. மதுரையில் கொலையுண்டான். செய்தி வந்ததும் மாதவி பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் போய்த் துறவு மேற்கொள்கிறாள். அடுத்த காப்பியமான மணிமேகலையில், மகளை ஆட அழைத்து வரும்படி அவள் தாய் சொல்லி அனுப்பியபோது, மணிமேகலை என் மகள் என்று அவள் சொல்லவில்லை. மதுரைக்கு எரியூட்டிய 'மாபெரும் பத்தினி மகள்' என்கிறாள். கண்ணகியின் மகளாம். பெற்றவளே அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும். அந்த மாதவி என்னிடம் இல்லை. கடற்கரை மாதவியும் தாழை மடல் மாதவியும்தான் என்னிடம் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், என் தோழி மறுநாள் காலையிலேயே கூப்பிட்டது.

அவள் இப்போதும் நாலு வரி எழுதுகிறாள். படித்ததும் போனை எடுத்துக் கேட்டுவிடுகிறேன், "இது யாருக்கு?" என்று. அம்மாவுக்கு என்பாள், சும்மா தோணிச்சு என்பாள். போன மாதம் அப்படிக் கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உனக்குத்தான்" என்றாள்.

"சரி, சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.