கோடியக்கரைப் படம்: பட்டைவால் மூக்கனா, கருவால் மூக்கனா?

வணக்கம். கோடியக்கரையில் நீங்கள் படமெடுத்த நீண்ட அலகுக் கரைப்பறவை, அலாஸ்காவிலிருந்து நிற்காமல் பறக்கும் பட்டைவால் மூக்கன்தானா, அலகு மேல்நோக்கி வளைந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அலகை மட்டும் நம்பாதீர்கள். அதன் நெருங்கிய உறவான கருவால் மூக்கனுக்கும் சில கோணங்களில் அப்படித் தெரியும்.

முதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் பட்டைவாலுக்கு ஒவ்வொரு இறகின் நடுவிலும் கருங்கீற்று ஓடும். உங்கள் படத்தில் கோடே இல்லாத சாம்பல் முதுகு. கால் மூட்டுக்கு மேலேயும் நீளம் அதிகம். எனக்கு இது கருவால் மூக்கன்தான்.

உறுதிசெய்ய இறக்கை விரிந்த படம் வேண்டும். இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை, வால் நுனியில் கறுப்பு என்றால் கருவால். பட்டைவாலுக்கு அந்த வெள்ளைப் பட்டை கிடையாது. அதற்காகக் கிளப்பிவிடாதீர்கள், பாவம்! பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பு வீணாகும். இறகு கோதி முடித்ததும் தானே இறக்கை விரித்துச் சோம்பல் முறிக்கும். கேமராவில் 1/2000 நொடி ஷட்டர் வேகம் வைத்துக் காத்திருங்கள்.

2022 அக்டோபரில் ஒரு இளம் பட்டைவால் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் சுமார் 13,560 கி.மீ. இறங்காமல் பறந்தது. ஆனால் அது பசிபிக் வழி. நம் கரைக்கு வரும் பட்டைவால்கள் ஆர்க்டிக் சைபீரியப் பக்கத்தவை.