முறைத் தண்ணீர் சண்டை: தம்பிக்குப் பதில்

வணக்கம் தம்பி. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் (வறண்ட காலத்து நெல்) செய்கிறீர்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் முறையன்று மேல் வயல்காரர் இரவில் வாய்க்காலைத் திருப்புகிறார் என்று சந்தேகம், இனி அவரோடு கதையே இல்லை என்கிறீர்கள். கோபம் விளங்குகிறது. ஆனால் கதையை நிறுத்தாதீர்கள்.

நானும் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்தவன். பக்கத்து வயல்காரரைக் கள்ளன் என்று நினைத்து இரண்டு மாதம் முகம் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தால் வரம்பில் நண்டு வளை, தண்ணீர் அதற்குள்ளால் போயிருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சுடும்.

2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுத் தண்ணீரைப் பகிரும் ஊர்களை ஆராய்ந்தவர். ஒத்துழைப்பு நெடுங்காலம் நின்ற இடங்களில் ஆளை ஆள் கவனிக்க வழி இருந்தது. முதல் தவறுக்குத் தண்டனை சிறியதாக இருந்தது.

சரி, முதலில் வரம்பைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் பகலில், தனியாக, அவரிடம் கேளுங்கள். அடுத்த முறையன்று இரண்டு பேரும் சேர்ந்தே வாய்க்காலடியில் நில்லுங்கள், அவருடைய முறைக்கும் அப்படியே. உண்மையில் திருப்பினார் என்றால் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் சொல்லுங்கள். பொலிசுக்கு இப்போதே ஓட வேண்டாம்.

வரம்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.